‘மின்தடை’ என்று எழுதப்பட்ட பதினொரு வரிகள்

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இயங்கிய ஒலிப்பதிவு நிலையத்தின் பதிவேட்டில், ஆறு மாத காலத்துக்குள் பதினொரு இடங்களில் ஒரே காரணம் எழுதப்பட்டிருக்கிறது: மின்தடை. முண்டா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த குதோப் மொழியில் முதியோர் சொல்லும் கதைகளைச் சேகரிப்பதற்காக, ஒரு பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை அமைத்த நிலையம் அது. ஊர்ப் பொதுவீட்டில் ஓர் அறை, நான்கு ஒலிவாங்கிகள், அவற்றை இணைக்கும் ஒலிப்பெட்டி, வெளி வட்டு ஒன்று, இவை அனைத்தையும் ஆளும் உள்ளங்கை அளவுக் கணினியாக ஒரு ராஸ்பெர்ரி பை 4. பதிவு திடீரென நின்றுபோன ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார், கணினி எழுந்தது, பதிவேட்டில் ‘மின்தடை’ என்று எழுதப்பட்டது. அந்த நாட்களில் சிலவற்றில் அதே தெருவின் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை எவரும் எழுதவில்லை.

அந்த வரிகளுள் ஒன்று, ஒரு மூதாட்டியின் கதை பாதியில் அறுந்த இரவுக்கு உரியது. அவர் தம் குலத்தின் வழிமரபைச் சொல்லிக்கொண்டிருந்தார். அருகிலிருந்த தங்கை இடைமறித்துப் பெயர்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் ஆய்வு மாணவர் மீண்டும் கேட்டபோது மூதாட்டி மறுக்காமல் சொன்னார். தங்கை அன்று ஊரில் இல்லை. இடைமறிப்பில்லாத அந்தக் கதை சுருங்கி, ஒழுங்காகி, வேறொரு கதையாகியிருந்தது. ஒருமுறை நிகழ்ந்த உரையாடலை அப்படியே மறுபடி நிகழ்த்த முடியாது என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். அதனை விழுங்கிய கோளாற்றுக்குப் பொய்க்காரணம் எழுதிவைக்கலாகாது என்பது மட்டும் துறையில் எவருக்கும் தோன்றவில்லை.

‘பொய்’ என்னும் சொல் இங்கே தெரிந்தே ஆளப்படுகிறது. மின்சாரம் நின்றதை எவரும் பார்க்கவில்லை. கணினி நின்றதைத்தான் பார்த்தார்கள். பார்த்ததை விட்டுவிட்டு, பார்க்காத காரணத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதைக் கள ஆய்வின் எந்த நெறி அனுமதிக்கிறது? தகவலாளர் ஒருவர் புரியாத வாக்கியம் ஒன்றைச் சொல்லும்போது, அதனை அழித்துவிட்டுத் தமக்குப் புரிந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ளும் ஆய்வாளரை இத்துறை ஒரு நாளும் மன்னிக்காது. புரியாத வாக்கியத்தில்தான் அம்மொழியின் இலக்கணம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று வகுப்புத்தோறும் சொல்லித்தரும் துறை அது. கணினி விழும்போது சொல்லும் வாக்கியங்களை மட்டும் அதே துறை படிக்காமலேயே அழித்தது.

இது ஒரு துறையின் தனிக்குறை என்று கொள்வதற்கில்லை. மழையளவு, காற்று மாசு, பறவைக் குரல், மண் ஈரம் என எதை அளக்கும் நிலையத்திலும் இன்று ஒற்றைப்பலகைக் கணினி உட்கார்ந்திருக்கிறது. ராஸ்பெர்ரி பையின் முதல் பலகை 2012 பிப்ரவரியில் 35 டாலர் விலைக்கு வெளிவந்தபோது, சிறுவர்கள் கணினியைப் பிரித்துப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. ஆய்வுக்கூடங்கள் அந்த நோக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டன. விலை மலிவு என்பதால், கோளாறு வந்தால் எதையும் கற்காமல் தூக்கிப்போடலாம் என்னும் பழக்கம் வேரூன்றிவிட்டது. எஸ்டி கார்டை மாற்று; இயங்குதளத்தை மறுபடி நிறுவு; அதுவும் ஆகாவிட்டால் புதுப்பலகை வாங்கு. இந்த மூன்று வரிகளே பல கூடங்களின் முழுக் கோளாறறிவியல்.

இந்தப் பழக்கம் எதை அழிக்கிறது என்பதை அறிய, கெர்னல் எப்படி விழுகிறது என்பதைச் சிறிது அறிய வேண்டும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம். நினைவகத்தைப் பங்கிடுவதும், நிரல்களுக்கு முறைவைப்பதும், இணைக்கப்பட்ட கருவிகளோடு பேசுவதும் அதன் வேலை. சாதாரண நிரல் ஒன்று பிழை செய்தால், கெர்னல் அதனை நிறுத்திவிட்டுத் தன் வேலையைத் தொடரும். கெர்னலே பிழை செய்தால் அதனை நிறுத்த மேலே எவரும் இல்லை. அந்த நிலையிலும் லினக்ஸ் கெர்னல் பெரும்பாலும் வாய்மூடி விழுவதில்லை. தான் தடுக்கிய இடம், அப்போது செயலியின் பதிவகங்களில் இருந்த எண்கள், அந்த இடத்துக்கு வந்த வழி ஆகியவற்றை ஓர் அறிக்கையாகச் சொல்கிறது. அதற்கு ‘ஊப்ஸ்’ என்று பெயர். தொடரவே முடியாத நிலை வந்தால் ‘பேனிக்’ என்று அறிவித்து நின்றுவிடுகிறது. மாற்றிச் சொல்லி வைக்காவிட்டால், யாராவது வந்து தொடும்வரை அப்படியே நிற்கும்.

அந்த அறிக்கை முதலில் எழுதப்படும் இடம் நினைவகம். அதனை வட்டில் சேர்க்க வேண்டியதும் விழுந்துகொண்டிருக்கும் அதே கெர்னல். ஆகவே மிக வேண்டிய கடைசி நொடிகளின் செய்திகள்தாம் எஸ்டி கார்டைச் சென்றடைவது மிக அரிது. திரை இணைக்கப்படாத கள நிலையத்தில் அவற்றைப் பார்ப்பவரும் இல்லை. பிளக்கைப் பிடுங்கிய கணத்தில் நினைவகம் வெறுமையாகிறது, சாட்சியம் போயிற்று. பிறகு இயங்குதளத்தை மறுபடி நிறுவும்போது, கார்டில் எஞ்சியிருந்த முந்தைய நாட்களின் பதிவுகளும் போகின்றன. போதாக்குறைக்கு, 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5க்கு முந்தைய பலகைகளில் மின்சாரம் நின்ற பின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்தைத் தொடும்வரை கணினி கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். இணையம் எட்டாத சிற்றூரில், கோளாற்றுக்குப் பின் எழுதப்படும் ஒவ்வொரு நேரக்குறிப்பும் ஐயத்துக்குரியது. மறுதொடக்கத்தைச் சிகிச்சை என்று அழைப்பவர்கள், அது தடயத்தைக் கழுவிவிடும் செயலும் ஆகும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. உண்மையான மின்தடை ஒரு சொல்லையும் விட்டுச்செல்லாது. மின்சாரம் நின்றால் கெர்னலுக்குப் பேச நேரமில்லை. ஆகவே அறிக்கை ஒன்று இருந்தால், அதன் இருப்பே மின்தடைக்கு எதிரான சாட்சி. இரண்டையும் பிரித்தறிய இத்தனை எளிய வழி இருந்தும், பதினொரு முறையும் அதனைத் தேடாமல் ‘மின்தடை’ என்று எழுதுவதற்கு அறியாமை மட்டும் போதாது. அறியும் விருப்பமின்மையும் வேண்டும்.

கோராபுட் நிலையத்தின் கதையில் விருப்பம் இருந்த ஒருவர், ஒப்பந்த ஊதியத்தில் பணியாற்றிய தொழில்நுட்ப உதவியாளர். இரண்டாம் மாதமே அவர் சொன்னார்: “பதிவு நின்ற நேரத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.” அது ஒரு நேர்சாட்சியம். பட்டமற்றவரின் வாய்மொழி என்பதால் அது தரவாகவில்லை. மாறாக, இடையாண்டு அறிக்கையில் ‘வயரிங் குறைபாடு’ என்றொரு தொடர் நுழைந்தது. வயரிங் செய்தவர் அவர். வாய்மொழியைத் தரவாகக் கொண்டு ஆய்வு செய்யும் ஒரு துறை, தன் ஊழியரின் வாய்மொழியைக் குப்பையில் போட்டு, அவரையே குற்றவாளியாக்கியது.

கடைசியில் அவரும் ஓர் ஆய்வு மாணவரும் சேர்ந்து செய்த வேலை மிகச் சிறியது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றை வாங்கினார்கள். பலகையின் நாற்பது முனைகளுள் 6ஆம் முனையில் தரைக்கம்பி, 8ஆம் முனையில் பலகை பேசும் கம்பி, 10ஆம் முனையில் பலகை கேட்கும் கம்பி. மாற்றி 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் சமிக்ஞை அந்த முனைகளைக் கெடுத்துவிடும். பலகையின் அமைப்புக் கோப்பில் சீரியல் வழியைத் திறக்கும் ஒரு வரியைச் சேர்த்தார்கள். கெர்னலை அமைதி காக்கச் சொல்லும் ஒரு சொல்லைத் தொடக்கக் கட்டளையிலிருந்து நீக்கினார்கள். மறுமுனையில் ஒரு பழைய மடிக்கணினி, நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் வரும் எழுத்துகளைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே இருந்தது. விழுபவர் எழுத முடியாததை, விழாதவர் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் இரவு கெர்னல் விழுந்தது. முதல் முறையாக அதன் சொற்கள் எஞ்சின.

அந்த அறிக்கையைப் படிப்பதற்குக் கணினிப் பொறியியல் பட்டம் வேண்டும் என்பது பரவலான மூடநம்பிக்கை. அதற்கு வேண்டியது சொற்றொடரமைப்பை மதிக்கும் பழக்கம். முதல் வரி நிகழ்ந்தது என்ன என்று சொல்கிறது: எந்த முகவரியைக் கெர்னல் தொட முயன்று தடுக்கியது என்பது அதில் உள்ளது. முகவரி சுழியமோ சுழியத்துக்கு மிக அருகிலோ இருந்தால், இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணிக் கைநீட்டியிருக்கிறது. கெர்னலின் சோதனை வசதியை இயக்கிவைத்தால், விடுவிக்கப்பட்ட நினைவிடங்கள் ஒரே எண்ணால் மீண்டும் மீண்டும் நிரப்பப்படும். தடுக்கிய முகவரியில் அந்த எண் வரிசையாகத் தோன்றினால், காலி செய்யப்பட்ட வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறது என்று பொருள். அடுத்து, ‘கறைபட்டது’ என்னும் சொல்லோடு சில ஆங்கில எழுத்துகள் வரும். ‘ஓ’ என்றால் கெர்னலின் மூலத்தொகுப்பில் சேராத வெளி நிரல்கூறு ஏற்றப்பட்டிருக்கிறது. ‘டி’ என்றால் இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நிகழ்ந்துவிட்டது. இப்போது படிப்பது விளைவின் விளைவு. முதல் அறிக்கையைத் தேடிப் போக வேண்டும். சுவடிப் பதிப்பாளர் படியின் படியை விட்டு மூலத்தை நோக்கிப் போவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அதன்பின் அழைப்புத் தடம்: எந்தச் சார்பு எதனை அழைத்து அங்கே வந்தது என்பது, கடைசியில் நிகழ்ந்தது மேலேயும் முதலில் நிகழ்ந்தது கீழேயுமாக அடுக்கப்பட்டிருக்கும். வேற்றுமை உருபுகள் முன்பின்னாக அடுக்கப்பட்ட ஒரு மொழியைப் படிக்கத் தெரிந்தவர் இதனைப் படிக்க அஞ்ச வேண்டியதில்லை.

கோராபுட் அறிக்கையில் ‘ஓ’ இருந்தது. அழைப்புத் தடத்தின் உச்சியில், ஒலிப்பெட்டியின் தயாரிப்பாளர் தந்த பழைய டிரைவரின் சார்பு இருந்தது. கருவி துண்டிக்கப்படும்போது இயங்க வேண்டிய சார்பு அது. உடனே துறையில் இரண்டு கட்சிகள் உருவாயின. “டிரைவர் பிழை, டிரைவரை மாற்றினால் தீர்ந்தது” என்றது ஒன்று. அறிக்கைக்கு மேலே, அதற்கு முந்தைய நிமிடங்களில், மின்னழுத்தக் குறைவு என்னும் எச்சரிக்கை மூன்று முறை வந்திருந்ததையும், ஊப்ஸுக்குச் சற்று முன் யுஎஸ்பி கருவி துண்டிக்கப்பட்ட செய்தி இருந்ததையும் காட்டி, “ஆரம்பத்திலேயே சொன்னோமே, மின்சாரம்தான்” என்றது மற்றொன்று. இரண்டு கட்சிகளும் அறிக்கையின் ஒரு வரியை மட்டும் படித்தவை.

மின்னழுத்தத்தின் கணக்கு எளியது. ராஸ்பெர்ரி பை 4க்குப் பரிந்துரைக்கப்படுவது 5.1 வோல்ட், 3 ஆம்பியர் மின்வழங்கி. நிலையத்தில் இருந்தது கைபேசிச் சார்ஜரும் நீண்ட மெல்லிய கேபிளும். போக வர அந்தக் கேபிளின் மின்தடை கால் ஓம் இருக்குமானால், 2 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். 5.1 வோல்ட் தரும் நல்ல வழங்கியே ஆனாலும் பலகையை அடைவது 4.6. எச்சரிக்கை எழும் எல்லை 4.63. நிலையத்தின் நிரல் நாற்பது நிமிடங்களுக்கு ஒருமுறை கோப்பை மூடி, அதனைச் சுருக்கத் தொடங்கும். அப்போது செயலியின் நான்கு கருக்களும் முழுமூச்சாக உழைக்கும், வெளி வட்டும் சுழலும், மின்னோட்டம் ஏறும், மின்னழுத்தம் இறங்கும், ஒலிப்பெட்டி ஒரு கணம் மயங்கித் துண்டிக்கப்படும். ஊரில் மின்சாரம் இருந்தது. பலகைக்குத்தான் அது போதவில்லை.

ஆயினும் கருவி துண்டிக்கப்படுவது கெர்னல் விழுவதற்குப் போதிய காரணமன்று. யுஎஸ்பி கருவியை எவர் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். அதனைத் தாங்குவது டிரைவரின் கடமை. இரண்டு காரணங்களையும் பிரிக்க ஒரே வழி, ஒன்றை நிலைநிறுத்தி மற்றதை மாற்றிப் பார்ப்பது. சரியான மின்வழங்கியும் குட்டைக் கேபிளும் வைத்து, பழைய டிரைவரோடு பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலிப்பெட்டியைக் கையால் பிடுங்கினார்கள்: கெர்னல் விழுந்தது. பிறகு பழைய சார்ஜரையே வைத்துக்கொண்டு, கெர்னலோடு வரும் பொது யுஎஸ்பி ஒலி டிரைவருக்கு மாறினார்கள்: ஒலிப்பெட்டி துண்டிக்கப்பட்டது, பதிவு நின்றது, கெர்னல் நின்றபடி நின்று, பெட்டி திரும்பி வந்ததையும் பதிவு செய்தது. மின்னழுத்தக் குறைவு தள்ளியது. டிரைவரின் பிழை விழவைத்தது. எந்த ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தாலும் மற்றது பதுங்கியிருந்து இன்னொரு நாள் கடித்திருக்கும். விழுந்த இடம் வேறு, தள்ளிய கை வேறு என்னும் இந்தப் பகுப்பு, ஆறு மாதமாக ‘மின்தடை’ என்று எழுதிய கைகளுக்கு எட்டாமலே போயிருக்கும்.

கண்முன் நிற்கும் காரணம் எத்தனை தவறாக இருக்கக்கூடும் என்பதற்கு உலகறிந்த சான்றுகள் உண்டு. 2015 பிப்ரவரியில் ராஸ்பெர்ரி பை 2 வெளிவந்த சில நாட்களிலேயே, பயனர் ஒருவர் அதனைப் படமெடுக்கும்போதெல்லாம் பலகை அணைந்துபோனது. எவரும் ‘லூஸ் கனெக்‌ஷன்’ என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் நகரவில்லை. வெவ்வேறு ஒளிகளைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். பலகையின் ஒவ்வொரு பகுதியாக மூடிப் பார்த்தார்கள். செனான் ஃப்ளாஷின் கடும் ஒளி, மேலுறையின்றி வெறும் சிலிக்கனாகவே பொருத்தப்பட்டிருந்த மின்சீராக்கிச் சில்லு ஒன்றில் விழும்போது, ஒளிமின் விளைவால் அது நிலைகுலைகிறது என்பது வெளிப்பட்டது. அந்தச் சில்லை ஒளிபுகாப் பொருளால் மூடினால் போதும். கண்டறிந்தது எந்தப் பெருநிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் அன்று. ‘மறுபடி செய்து பார்’ என்னும் ஒழுக்கம்.

இரண்டாவது சான்று பூமிக்கு வெளியே உள்ளது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தை ஆண்டதும் ஓர் ஒற்றைப்பலகைக் கணினிதான். வானிலைத் தரவு சேகரிக்கத் தொடங்கியபின் அது தானாகவே மறுதொடக்கம் செய்துகொள்ளலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பூமியிலிருந்த இரட்டைக் கணினியில் அதே நிலையை உண்டாக்கி, இயங்குதளத்தின் தடப்பதிவைப் படித்தபோது காரணம் வெளிப்பட்டது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. இடைநிலைப் பணி அதனை முந்திக்கொண்டது. அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்த மிக முக்கியப் பணி கெடு தவறியது. காவல் கடிகாரம் கணினியை மறுபடி தொடக்கியது. ஓர் அமைப்பை மாற்றும் சிறு திருத்தத்தைப் பூமியிலிருந்து அனுப்பிச் சரிசெய்தார்கள். அந்த மறுதொடக்கம் தரையிறங்குவதற்கு முந்தைய சோதனைகளிலும் தலைகாட்டியிருந்தது. தேடியபோது மீண்டும் நிகழாததால் பிடிபடவில்லை. பிளக்கைப் பிடுங்க எவராலும் முடியாத தொலைவில், படிப்பது ஒன்றே வழியாக எஞ்சியது. கை எட்டும் தொலைவில் இருப்பதுதான் இந்த நாட்டு ஆய்வுக்கூடக் கணினிகளின் துரதிருஷ்டம் போலும்.

இவற்றுக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் நான்கு.

“மொழியியலாளர் கெர்னலைப் படிக்க வேண்டுமா?” டிரைவர் எழுத வேண்டியதில்லை. ஒலியியல் ஆய்வாளர் தம் ஒலிவாங்கி எந்த அதிர்வெண்ணில் செவிடாகிறது என்று அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்க்கும் துறை, அதே ஆய்வாளரின் பதிவுக் கருவி எப்போது, எப்படி விழுகிறது என்று அறிந்திருக்க எதிர்பார்ப்பது மிகையாகாது. தீர்க்கத் தெரியாதவர் தடயத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால், தெரிந்தவர் தீர்ப்பார். தடயத்தையும் அழித்துவிட்டால் எந்த வல்லுநரும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

“சில ஆயிரம் ரூபாய்க் கருவி; புதிது வாங்கினால் முடிந்தது.” கருவிக்கு விலை உண்டு, அந்தத் தங்கையின் இடைமறிப்புக்கு விலை இல்லை. அதோடு, புதுப்பலகையும் அதே சார்ஜரில், அதே கேபிளில், அதே டிரைவரோடுதான் விழும். கோராபுட்டில் அப்படியே விழுந்தது.

“காவல் கடிகாரம் இருக்கிறதே, நின்றால் தானே எழுப்பிவிடும்.” ராஸ்பெர்ரி பையின் சில்லிலேயே அது உண்டு, ஏறத்தாழ பதினைந்து நொடிகளுக்குள் இயங்குதளம் உயிர்க்குறி காட்டாவிட்டால் மறுதொடக்கம் செய்யும். ஆளற்ற நிலையத்துக்கு அது நல்ல வேலையாள்தான். ஆனால் விழுந்த செய்தியை வெளியே சேர்க்கும் ஏற்பாடு இல்லாமல் அதனை மட்டும் வைப்பது, கோளாற்றை மறைக்க ஓர் ஆளை அமர்த்துவதற்கு ஒப்பாகும். நினைவகத்தின் ஒரு மூலையை ஒதுக்கி, மறுதொடக்கத்துக்குப் பின்னும் கடைசிச் செய்திகளை எடுத்துப் பார்க்கும் வசதி லினக்ஸில் இருக்கிறது. ராஸ்பெர்ரி பைக்கும் கிடைக்கிறது. மின்சாரம் அறாமல் இருக்கும்வரைதான் அது பிழைக்கும் என்பதனால், காவல் கடிகாரம் எழுப்பினால் சாட்சியம் உயிரோடிருக்கும்; பிளக்கைப் பிடுங்கினால் இறக்கும். கம்பிவழி வலையமைப்பு இருந்தால், கெர்னல் தன் செய்திகளை வேறொரு கணினிக்கு நேரே அனுப்பவும் வழி உண்டு.

“நேரமில்லை; ஆய்வேட்டுக்குக் கெடு இருக்கிறது.” ஐந்து முறை இயங்குதளத்தை நிறுவியதற்கும், மூன்று முறை கார்டு வாங்கப் பேருந்து ஏறியதற்கும் நேரம் இருந்தது. முறையாகத் தேடுவது நேரத்தைத் தின்னும் என்பதும் முழு உண்மையன்று. நேற்றைய கெர்னல் ஓடியது, இன்றையது விழுகிறது என்றால், இடையே செய்யப்பட்ட மாற்றங்களைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் பிழை இருக்கிறது என்று சோதித்துக்கொண்டே போகலாம். ஆயிரம் மாற்றங்களுள் குற்றவாளியைப் பிடிக்கப் பத்துச் சோதனைகள் போதும். சில கோளாறுகள் அப்படியும் பிடிபடுவதில்லை என்பது உண்மையே. பிடிபடாததைப் ‘பிடிபடவில்லை’ என்று எழுதுவதில் இழிவு ஏதுமில்லை.

நான்கு சமாதானங்களுக்கும் அடியில் சொல்லப்படாத ஐந்தாவது ஒன்று இருக்கிறது: இந்த வேலைக்கு எந்தத் துறையிலும் மதிப்பெண் இல்லை. கோளாற்றைத் தேடிய இரண்டு வாரங்கள் கட்டுரை எண்ணிக்கையில் சேர்வதில்லை. பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை. தரவில் விழுந்த ஓட்டையை மறைத்து எழுதப்பட்ட கட்டுரைக்குக் கட்டம் இருக்கிறது. ஆகவே பொய்க்காரணம் எழுதுபவர் சோம்பேறி என்று முடிப்பது எளிது, நியாயமும் ஆகாது. எழுதவைக்கும் அமைப்பு அவருக்குப் பின்னால் நிற்கிறது. அந்த அமைப்பின் சுமை முழுவதும் கடைசியில் இறங்குவது, அறிக்கையில் பெயரே இடம்பெறாத ஒப்பந்த ஊழியரின் தலையில்.

மாற வேண்டியவை மூன்று. முதலாவது, கருவிப் பதிவேட்டில் ‘கண்டது’, ‘காரணம்’ என இரண்டு தனிக்கட்டங்கள் வேண்டும். முதற்கட்டத்தில் நேரமும் கடைசிச் செய்தியும் இடம்பெற வேண்டும். இரண்டாவதில் ‘தெரியவில்லை’ என்று எழுதுவதற்கு உரிமை வேண்டும். இரண்டாவது, கள நிலையத்துக்கு நிதி கோரும் ஒவ்வொரு திட்டத்திலும், தகுந்த மின்வழங்கிக்கும் கெர்னல் செய்திகளை வெளியே சேர்க்கும் ஏற்பாட்டுக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும். அது ஒலிவாங்கியின் விலையில் ஒரு சிறு பங்கு. மூன்றாவது, ஆய்வேட்டின் முறையியல் இயலில் கருவி எத்தனை முறை, எவ்வாறு விழுந்தது என்பது எழுதப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அதனைக் கேட்க வேண்டும். கண்டுபிடித்தவர் தொழில்நுட்ப உதவியாளராயின் அவர் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் அல்லாமல், கண்டுபிடிப்பு சொல்லப்படும் இடத்திலேயே நிற்க வேண்டும்.

சரியான மின்வழங்கியும் பொது டிரைவரும் வந்தபின் கோராபுட் நிலையம் விழவில்லை. அதன்பின் உதவியாளரும் மாணவரும் பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளி வட்டில் எஞ்சிய ஒலிக்கோப்புகளின் நீளத்தை அளந்தார்கள். பதினொரு நிகழ்வுகளுள் ஏழில், நாற்பது நிமிடக் கோப்பு மூடப்பட்டு, அடுத்த கோப்பு தொடங்கிய சிறிது நேரத்திலேயே பதிவு அறுந்திருந்தது. சுருக்கும் வேலை நடக்கும் நேரம் அது. மூதாட்டியின் இரவும் அந்த ஏழில் ஒன்று. அந்த ஏழு வரிகளில் ‘மின்தடை’ அடிக்கப்பட்டு, ‘கெர்னல் விழுந்திருக்கக்கூடும், கோப்பு நீளம் சான்று’ என்று எழுதப்பட்டது. எஞ்சிய நான்கு நாட்களின் கோப்புகள், ‘சுத்தமாகத் தொடங்குவோம்’ என்று வட்டை ஃபார்மட் செய்த ஒரு நாளில் அழிந்துபோயிருந்தன. அவற்றில் சில உண்மையிலேயே மின்தடையாகவும் இருந்திருக்கலாம். அந்த நான்கு வரிகளுக்கு எதிரே இப்போது ‘தெரியவில்லை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மாதப் பதிவேட்டில் முதன்முதலாக எழுதப்பட்ட நேர்மையான சொல் அது. முதல் நாளே எழுதியிருந்தால், விடையும் கிடைத்திருக்கும்.